ஆயிரம் கிலோ கல்

துறைமுகச் சாலையில் இருக்கும் எடைமேடை ஒன்றில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். லாரி ஏறும், திரையில் எண் வரும், நான் சீட்டு அடித்துக் கொடுப்பேன். வேலை அவ்வளவுதான். ஆனால் ஒன்பது வருடமாக என் காதில் அதிகம் விழுந்தது எடை அல்ல, கடவுள்.

கடவுள் உண்டு என்பவர் பர்னபாஸ் அண்ணாச்சி. பெரியதாழைக்காரர். வாலிபத்தில் தோணியில் மாலத்தீவு வரை சுக்கான் பிடித்தவர். இப்போது ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் சரக்கை எண்ணிக் கணக்கெழுதும் டாலி கிளார்க். லாரிச் சீட்டு வாங்க வருவார், வாங்கிய பிறகும் போகமாட்டார். கடவுள் இல்லை என்பவர் வீரபாகு அண்ணாச்சி, எங்கள் மேனேஜர். உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரக் குடும்பம். வீட்டில் எல்லோரும் திருச்செந்தூருக்குக் கிளம்பும் நாளில் இவர் கறுப்புச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வேலைக்கு வருவார். நான் சி.எஸ்.ஐ. அதனால் பர்னபாஸ் என்னைத் தன் கட்சியில் அரை ஓட்டாகச் சேர்த்திருந்தார். வீரபாகு என்னை எதிலும் சேர்க்கவில்லை. ‘விஜிலா, சீட்டு’ என்பதோடு சரி.

வாதம் பதினோரு மணி டீயோடு தொடங்கும். வேதாகமம் கடவுளின் வார்த்தை என்பார் பர்னபாஸ். எப்படித் தெரியும் என்பார் வீரபாகு. அதிலேயே எழுதியிருக்கிறது. அதில் எழுதியிருப்பது உண்மை என்று எப்படித் தெரியும்? கடவுள் பொய் சொல்லமாட்டார். இந்த இடம் வந்ததும் வீரபாகு பேச்சை நிறுத்திவிட்டு, டீ கிளாஸ் வைத்த ஈரத்தில் விரலைத் தொட்டு மேசைமேல் ஒரு வட்டம் போடுவார். அதற்குமேல் விளக்கம் கிடையாது. வட்டத்தைத் துடைப்பது என் பொறுப்பு.

பர்னபாஸும் லேசுப்பட்டவர் அல்ல. ஒருமுறை நடுக்கடலில் பாய் கிழிந்து மூன்று நாள் அலைந்ததையும், மாதாவுக்கு நேர்ந்துகொண்ட ஒரு மணி நேரத்தில் காற்று திரும்பியதையும் எடுத்துவிடுவார். அற்புதம் என்று ஒன்று நடக்காது என்பார் வீரபாகு. நான் கண்ணால் பார்த்தேனே என்பார் இவர். பார்த்ததாக நினைக்கிறீர் என்பார் அவர். அதெப்படிச் சொல்லலாம் என்று கேட்டால், அற்புதம்தான் நடக்காதே என்று பதில் வரும். இதுவும் வட்டம்தான் என்று எனக்குத் தோன்றும். இதை யாரும் மேசையில் போடவில்லை. நானும் வாய் திறந்ததில்லை. ஒன்பது வருடம் பேசியும் இரண்டு ஆம்பளைகள் ஒருவரையொருவர் ஓர் அங்குலம் நகர்த்தாததைப் பார்த்தவளுக்கு, நடுவில் புகுந்து கெட்ட பெயர் வாங்க ஆசை வராது.

போன ஐப்பசி மழையில் இடி விழுந்து, மேடைக்கு அடியில் எடையை உணரும் லோடு செல் ஒன்று கருகிவிட்டது. மதுரையிலிருந்து மெக்கானிக் வந்து புதிதாக மாட்டினார். மேடையைச் சரியாகத் திருத்தி வைக்க, எடை தெரிந்த ஒரு பொருள் வேண்டும் என்றார். வீரபாகு வாசலில் கிடந்த கல்லைக் காட்டினார். கல் என்றால் கான்கிரீட் கட்டி. மேடை கட்டிய வருடம், அரசாங்க முத்திரை விழுந்த கையோடு, அந்தக் கட்டியை வார்த்து, இதே மேடையில் எடை போட்டு, சிவப்புப் பெயிண்டில் 1000 கிலோ என்று எழுதி வைத்திருந்தார்கள். பக்கத்து மரக்கடையின் ஃபோர்க்லிஃப்ட் வந்து கல்லைத் தூக்கி வைத்தது. மெக்கானிக் நாலைந்து பொத்தான்களை அழுத்தினார். திரையில் 1000 வந்தது. புரோட்டா சாப்பிட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினார்.

அன்றிலிருந்து வீரபாகு ஒரு வழக்கம் வைத்தார். திங்கள்கிழமைதோறும் காலையில் கல் மேடையில் ஏறும். திரையில் 1000 வரும். நோட்டில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பர்னபாஸ் அதற்குத் திங்கள் பூசை என்று பெயர் வைத்தார். வீரபாகுவுக்கு அது பிடிக்கவில்லை. நீங்கள் செய்வது நம்பிக்கை, நான் செய்வது சோதனை என்றார். சில டிரைவர்கள், வெறும் வண்டியே முன்னைவிடக் கனமாகக் காட்டுகிறதே என்று முனகினார்கள். டீசல், ஸ்டெப்னி, டிரைவரின் தொந்தி என்று அவர் காரணம் அடுக்கினார். அவர்களும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

எங்கள் மேடையில் ஏறும் சரக்கில் பெரும்பாலானது குடோன்களுக்குப் போவது. அங்கே மறுபடி எடை போடுவாரில்லை. மார்கழியிலிருந்து ஒரு லாரி மட்டும் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஒரு கோழித் தீவன மில்லுக்கு ஓடியது. அந்த மில்லில் சொந்த எடைமேடை உண்டு. லாரியை ஓட்டியவன் முத்துமணி, குலசேகரன்பட்டினத்துக்காரன், நாற்பது வயது. மாற்று டிரைவராக அவன் மனைவியின் தம்பி ஜெயகணேஷ் கூடவே வருவான். இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டுவார்கள், சேர்ந்து தார்ப்பாய் கட்டுவார்கள், ஒரே டிபன் கேரியரில் சாப்பிடுவார்கள்.

தை பிறந்ததும் மில் மேனேஜர் சிவபாலன் போன் செய்தார். நடைக்கு அறுநூறு கிலோ அளவில் சோளம் குறைகிறது, உங்கள் எடை சரிதானா என்று எழுத்தில் வேண்டும் என்றார். வீரபாகு சொல்லச் சொல்ல நான் அடித்தேன். எங்கள் எடைமேடை வாரந்தோறும் சோதிக்கப்படுகிறது, எடை துல்லியமானது என்று இரண்டு வரி. கீழே அவர் கையெழுத்து.

மறுநாள் முத்துமணி எங்கள் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். கையில் லாரிச் சாவிகூட இல்லை, வாங்கி வைத்துவிட்டார்கள். திருட்டை ஒத்துக்கொண்டால் வேலையோடு போகும், இல்லையென்றால் போலீஸ் என்று மில்லில் சொல்லிவிட்டார்களாம். இரண்டு நாள் அவகாசம்.

“அண்ணாச்சி, நான் ஒரு மணி எடுக்கல,” என்றான்.

வீரபாகு கொடுமைக்காரர் அல்ல. அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, திங்கள்கிழமை நோட்டைத் திறந்து, பதினோரு வாரக் கையெழுத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

“நான் உன்னை ஒண்ணும் சொல்லல, முத்துமணி. மெஷின் சொல்லுது. மெஷின் பொய் சொல்லாது. அதுக்கு உன் மேல என்ன பகை?”

முத்துமணி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனான். அவன் போன பிறகு, இவன் எடுத்திருக்க மாட்டான் என்றார், ஓரமாக உட்கார்ந்திருந்த பர்னபாஸ். எப்படித் தெரியும் என்றார் வீரபாகு. அவன்தான் சொன்னானே. அவன் சொல்வது உண்மை என்று எப்படித் தெரியும்? அவன் நல்லவன், பொய் சொல்ல மாட்டான். நல்லவன் என்று எப்படித் தெரியும்? பொய் சொல்லாதவன் நல்லவன்தானே. வீரபாகுவுக்கு அன்றைக்குக் கிடைத்த மாதிரி சந்தோஷம் எப்போதும் கிடைத்திருக்காது. மேசையில் வட்டத்தை ஒருமுறை போட்டு, அதன்மேலேயே இன்னொரு முறையும் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் செய்தி வந்தது. நான்தான் எடுத்தேன் என்று முத்துமணி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். வேலை போய்விட்டது. வீரபாகு பர்னபாஸைப் பார்த்து, இப்போது என்ன சொல்கிறீர் என்று மட்டும் கேட்டார். எங்கள் மேடை சரி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று என்னிடம் சொன்னார். பர்னபாஸ் டீயைப் பாதி வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு எட்டு நாள் சீட்டை வாங்கியதும் கிளம்பிவிடுவார்.

ஒன்பதாம் நாள் ஒரு தாளோடு வந்தார். அந்த லாரியின் ஒவ்வொரு நடைக்கும் எங்கள் எடை, மில்லில் கேட்டு வாங்கிய எடை, குறைவு எல்லாம் அதில் பென்சிலில் இருந்தது. பதினெட்டு டன் ஏற்றிய நாளில் ஐந்நூற்றைம்பது குறைந்திருந்தது. இருபத்தொரு டன் ஏற்றிய நாளில் அறுநூற்று நாற்பது. எந்த நடையை எடுத்தாலும் நூற்றுக்கு மூன்று.

“களவு எடுக்குறவன் நூத்துக்கு மூணுன்னு அளந்தா எடுப்பான்?”

கெட்டிக்காரத் திருடன் அப்படியும் எடுப்பான் என்றார் வீரபாகு. அதோடு அவன் ஒத்துக்கொண்டாயிற்று, மேடை சரியாக இருக்கிறது, கல் சொல்கிறது என்றார்.

“கல்லு ஆயிரம்னு யாரு சொன்னா, வேய்?”

“அதுலயே எழுதியிருக்குல்லா.”

சொன்னவருக்கே அது காதில் விழுந்துவிட்டது. முகம் ஒரு மாதிரி ஆனது. பர்னபாஸ் இப்போது விரலை நனைத்து வட்டம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. மெதுவாக அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“எதுல எடை போட்டு எழுதினிய?”

இதே மேடையில்தான், ஆனால் அப்போது முத்திரை போட்ட புதுசு, எடை சுத்தமாக இருந்தது என்றார் வீரபாகு. குரல் கொஞ்சம் உயர்ந்தது. கல் எங்கே போகும், கான்கிரீட் இளைக்குமா என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். கல் இளைக்காது. ஆனால் உடையும்.

எங்கள் அறைக் கதவு கடல்காற்றில் ஓயாமல் அடித்துக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மர லாரி பின்னால் வந்து இடித்ததில் எடைக்கல்லின் ஒரு மூலை பெயர்ந்து விழுந்தது. விழுந்த துண்டை இரண்டு லோடுமேன்களை வைத்து உருட்டி வரச்செய்து, கதவுக்கு முட்டுக் கொடுத்தவள் நான். அன்றிலிருந்து கதவு அடிக்கவில்லை, எனக்கும் நிம்மதி. உடைந்த மூலையை எல்லோரும்தான் பார்த்தோம். திங்கள்தோறும் பார்த்தோம். ஆனால் சிவப்பு எழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆயிரம் என்று எழுதியிருந்தது, நாங்கள் ஆயிரம் என்று படித்தோம். வாரக்கணக்காகக் கல் மேடையைச் சரி என்றது, மேடை கல்லைச் சரி என்றது, இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதனைத் திருடன் ஆக்கியிருந்தோம்.

“அண்ணாச்சி, கல்லுல ஒரு துண்டு என் கதவுக்கிட்ட இருக்கு,” என்றேன். எழுந்து போய், கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்ததைக் காட்டினேன்.

பர்னபாஸ் மொபெட்டில் போய் மீன் ஏலக்கூடத்திலிருந்து ஒரு தராசை வாங்கிவந்தார். துண்டை அதில் ஏற்றினோம். முப்பது கிலோ அறுநூறு கிராம். ஆயிரத்தில் முப்பது போனால் நூற்றுக்கு மூன்று. தொள்ளாயிரத்து எழுபதை ஆயிரம் என்று மேடைக்குக் கற்றுக்கொடுத்திருந்தோம். யாரும் கால்குலேட்டர் எடுக்கவில்லை.

இதனால் பர்னபாஸ் ஜெயித்துவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். நல்லவன் பொய் சொல்லமாட்டான், பொய் சொல்லாததால் நல்லவன் என்ற அவருடைய பேச்சு இன்றைக்கும் வட்டம்தான். முடிவு சரியாக அமைந்தது அவருடைய அதிர்ஷ்டம். அவரைக் காப்பாற்றியது அந்த நம்பிக்கை அல்ல, பென்சிலை எடுத்து எட்டு நாள் கணக்குப் போட்டது. ஆனால் அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் அவர் பென்சிலை எடுத்திருக்கவே மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். இதை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

வீரபாகுவையும் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்த நிமிடமே மேடைக்குக் குறுக்கே சங்கிலியைக் கட்டினார். வரிசையில் நின்ற நான்கு லாரிகளையும் வேறு மேடைக்கு அனுப்பினார். முதலாளி போனில் கத்தியதை ஸ்பீக்கரில் போடாமலேயே நாங்கள் கேட்டோம். அதற்குப் பிறகு மில்லுக்குப் போன் செய்து, தவறு எங்களுடையது என்றார். சிவபாலன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். எடுக்காதவன் எதற்கு எடுத்தேன் என்று எழுதிக் கொடுத்தான்? நீங்கள் மிரட்டியதால் என்றார் வீரபாகு. எடை சரி என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததை நம்பித்தானே மிரட்டினோம் என்றார் சிவபாலன். வீரபாகு போனை வைத்தார். மறுநாள் ஸ்ரீவைகுண்டத்துக்கு நேரில் போனார். முத்துமணி எழுதிக் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவன் குற்றமற்றவன், எப்போது வேண்டுமானாலும் வேலைக்கு வரலாம் என்று மில் கடிதமும் வாங்கிவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் குலசேகரன்பட்டினம் போனோம். பர்னபாஸ் முதல் பூசை முடித்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். முத்துமணியின் மனைவி சீனித்தாய் வீட்டு முன்னறையிலேயே பெட்டிக்கடை வைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் கணவனைக் கூப்பிட்டுவிட்டு, கடைப் பலகைக்குப் பின்னாலேயே நின்றுகொண்டாள்.

வீரபாகு உட்காரவில்லை. தப்பு என்னுடையது, மேடைதான் பொய் சொன்னது, நீ எடுக்கவில்லை என்று நின்றபடியே சொல்லி இரண்டு தாள்களையும் கொடுத்தார். முத்துமணி படித்தான். மறுபடி படித்தான். சந்தோஷப்படுவான், அல்லது எங்களை நாலு வார்த்தை கேட்பான் என்று நான் தயாராக இருந்தேன். அவன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும், அண்ணாச்சி. மெஷின் பொய் சொல்லாதுன்னு நீங்க சொன்னிய. அப்ப வண்டியில வேற யாரு இருந்தா?”

மீதியை அவன் துண்டு துண்டாகச் சொன்னான். எங்கள் நோட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்த அன்றைக்கே அவன் மனசில் முடிவாகிவிட்டது, ஜெயகணேஷ்தான் எடுத்திருக்கிறான் என்று. மனைவியின் தம்பியைப் போலீஸில் விடக்கூடாதென்று பழியைத் தன்மேல் எழுதிக் கையெழுத்துப் போட்டான். வீட்டுக்கு வந்து அவனை அடித்தான். ஜெயகணேஷ் பிள்ளையார்மேல் சத்தியம் செய்தான், அழுதான். உனக்காக ஒருத்தன் கையெழுத்தே போட்டுவிட்டு வந்திருக்கிறான், இன்னமும் பொய்யா என்று சீனித்தாயே கேட்டிருக்கிறாள். இந்த வாசலை மிதிக்காதே என்றும் சொல்லியிருக்கிறாள். அன்று மத்தியானம் போனவன்தான். குஜராத்தில் ஏதோ துறைமுகத்தில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். போன் அணைந்தே கிடக்கிறது.

சீனித்தாய் கடைப் பலகையைத் தாண்டி வந்து, கணவன் கையிலிருந்த மில் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவள் அழவில்லை.

“இதுல என் தம்பி பேரையும் எழுதித் தாங்க, அண்ணாச்சி.”

வீரபாகு தயங்கினார். உன் தம்பிமேல் யாரும் புகார் எழுதவில்லையே அம்மா, எந்தத் தாளிலும் அவன் பெயர் இல்லையே என்று மெல்லச் சொன்னார்.

“இல்லதான். எழுதியிருந்தா இன்னைக்கு நீங்க வந்து அழிச்சிருப்பிய. நாங்க வாயாலல்லா சொன்னோம்.”

கடையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். வீரபாகு சொல்ல நான் எழுதினேன். அவர் முதலில் இடி, லோடு செல், கல் என்று நீளமாகத் தொடங்கினார். அதெல்லாம் வேண்டாம் என்றாள். ஜெயகணேஷ் எடுக்கவில்லை, எங்கள் மேடை தவறு என்று இரண்டு வரி எழுதினேன். வீரபாகு கையெழுத்துப் போட்டார். அதன் கீழே சீனித்தாய் போட்டாள். பேனாவைக் கணவனிடம் கொடுத்தாள். அவன் போட்ட கையெழுத்து கோட்டை விட்டு இறங்கிப் போனது. பர்னபாஸ் பக்கத்தில் குனிந்து நோட்டைப் பிடித்துக்கொண்டார்.

நான் தாளைக் கிழித்து நாலாக மடித்தேன். கடையிலேயே கவர் இருந்தது. பெயரை எழுதிவிட்டு, முகவரி என்ன என்று கேட்டேன். சீனித்தாய் முத்துமணியைப் பார்த்தாள். அவனுக்கும் தெரியவில்லை.